வணிகப் பட்டயமும் மக்கள் மன்றமும்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் சர் தாமஸ் ஸ்மித் என்னும் பெருவணிகர் வாழ்ந்தார். 1600ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் எலிசபெத் அரசியார் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் அளித்தபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் அவர். அமெரிக்கக் கரையில் குடியேற்றம் நிறுவப் புறப்பட்ட வர்ஜீனியா கம்பெனிக்கும் 1609 முதல் பத்தாண்டுக் காலம் அவரே பொருளாளர். அங்கே பொருளாளர் என்பதே தலைமைப் பதவி. ஒரு கம்பெனியின் கப்பல்கள் மிளகை நாடிக் கிழக்கே சென்றன. மற்றதன் கப்பல்கள் பொன்னை நாடி மேற்கே சென்றன. இரண்டும் பங்கு சேர்த்துத் திரட்டிய முதலில் நடந்தவை. இரண்டும் அரச முத்திரை பெற்றவை. ஆயினும் கிழக்கே வந்த கம்பெனி 1640இல் சென்னையில் கோட்டை கட்டத் தொடங்கி, நாளடைவில் நம் நாட்டின் பெரும்பகுதியைத் தன் ஆணைக்குள் கொணர்ந்தது. மேற்கே சென்ற கம்பெனியோ 1619ஆம் ஆண்டிலேயே, குடியேறியவர்கள் தேர்ந்தெடுத்த அவை ஒன்று கூடுவதற்கு வழி செய்தது. ஒரே மனிதர் தலைமை தாங்கிய இரு கம்பெனிகளின் வழியில் இத்துணை வேறுபாடு தோன்றியது எங்ஙனம்? அமெரிக்கக் குடியாட்சியின் வேர்களைத் தேடுவோர் இவ்வினாவிலிருந்து தொடங்குவது நலம் என்பது என் கருத்து.

பொதுவாக இவ்வேர்களைத் தத்துவ நூல்களிலேயே தேடுவர். ஜான் லாக் எழுதினார், மான்டெஸ்கியூ எழுதினார், அவர்களைக் கற்ற தாமஸ் ஜெபர்சன் 1776இல் விடுதலைச் சாற்றுரையைத் தீட்டினார் என்று பள்ளிப்பாடம் செல்லும். அது பிழையன்று. ஆனால் காலவரிசையை நோக்கின் வேறொன்று புலப்படும். ஆட்சியைப் பற்றி லாக் எழுதிய இரு ஆய்வுரைகள் அச்சேறியது 1689ஆம் ஆண்டின் இறுதியில். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வர்ஜீனியாவில் பேராளர் அவை கூடிவிட்டது. லாக் பிறந்த 1632ஆம் ஆண்டிலேயே மாசச்சூசெட்ஸில் ஓர் ஊரார், தங்களைக் கேளாமல் விதிக்கப்பட்ட வரியைக் கொடுக்கலாகாது என்று கூடிப் பேசினர். நூல் கடலைக் கடப்பதற்கு முன்னரே பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. அப்பழக்கத்துக்குப் பெயரும் நியாயமும் சூட்டியதே பின்னால் வந்த தத்துவத்தின் பணி.

வர்ஜீனியாவில் இப்பழக்கம் உயர்ந்த கொள்கை எதனாலும் பிறக்கவில்லை, நட்டத்தால் பிறந்தது. 1607இல் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்களுக்குப் பொன் அகப்படவில்லை. 1609ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை அந்நாட்டார் இன்றும் 'பட்டினிக் காலம்' என்றே குறிக்கின்றனர். ஏறத்தாழ ஐந்நூறு பேராக இருந்தவர்கள் அடுத்த வேனிலில் அறுபது பேராகச் சுருங்கினர். பின்னர்க் கம்பெனி படைச் சட்டம் கொண்டு ஆண்டது. வேலைக்கு வராதவனுக்குச் சாட்டையடி, உணவு திருடியவனுக்குத் தூக்கு என்ற செய்தி இலண்டன் எட்டியபின் யார்தாம் கப்பலேறுவர்? ஆள் இல்லையேல் நிலம் பயன்படாது. நிலம் பயன்படாவிடில் பங்குதாரருக்கு ஊதியம் இல்லை. ஆகவே 1618இல் கம்பெனி தன் போக்கை மாற்றிக்கொண்டது. தன் செலவில் வருபவருக்குத் தலைக்கு ஐம்பது ஏக்கர் நிலம், இங்கிலாந்தில் உள்ளது போன்ற சட்டம், ஆண்டுக்கொரு முறை அவை என்று அறிவித்தது. சுருங்கச் சொன்னால், உரிமை அங்கே ஆள் சேர்ப்பதற்கு அளித்த விலை.

1619ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், ஜேம்ஸ்டவுன் மாதாகோயிலில் அந்த அவை கூடிற்று. பதினொரு குடியிருப்புகள் இருவர் வீதம் தேர்ந்தனுப்பிய இருபத்திரண்டு பேராளர்கள் வந்தனர். அவர்களுள் இருவரை அவை ஏற்கவில்லை. அவர்களை அனுப்பிய நிலக்கிழார் தமது தனிப் பட்டயத்தைக் காட்டிக் குடியேற்றத்தின் சட்டங்கள் தம்மைக் கட்டுப்படுத்தா என்றார். சட்டத்துக்கு உட்படாதவன் சட்டம் இயற்றவும் கூடாது என்பது அவையின் முடிவு. முதற்கூட்டத்திலேயே இத்தெளிவு இருந்தமை வியப்புக்குரியது. புகையிலைக்கு விலை குறித்தார்கள். சூதாட்டத்தையும் குடியையும் கண்டித்தார்கள். கடும் வெயிலில் ஓர் உறுப்பினர் இறந்தார், பலர் நோயுற்றனர். ஆறே நாளில் அவை கலைந்தது.

அதே ஆகஸ்டு மாத இறுதியில் 'வெள்ளைச் சிங்கம்' என்னும் பெயருடைய கப்பலொன்று அக்கரைக்கு வந்து, இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்க மக்களை உணவுப் பொருளுக்கு மாற்றாக இறக்கிவிட்டுச் சென்றது. மக்கள் அவையும் மனித விற்பனையும் ஒரே குடியேற்றத்தில், ஒரே கோடைப் பருவத்தில் கால்கொண்டன. புகையிலைத் தோட்டங்கள் பெருகப் பெருக இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. இதனை ஒரு விபத்தாக ஒதுக்கிவிட்டு அமெரிக்கக் குடியாட்சியின் வரலாற்றை எழுத இயலாது.

வடக்கே மாசச்சூசெட்ஸில் நடந்தது இன்னும் சுவையானது. 1629 மார்ச்சில் மாசச்சூசெட்ஸ் விரிகுடாக் கம்பெனிக்குச் சார்லஸ் மன்னர் ஒரு பட்டயம் அளித்தார். வணிகக் கம்பெனிக்கு உரிய வழக்கமான பட்டயந்தான். பங்குதாரர்கள் ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும். ஆளுநரையும் உதவியாளர்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்கூட்டத்துக்குப் பொதுமன்றம் என்று பெயர். ஆனால் அக்கூட்டம் எந்த ஊரில் கூட வேண்டும் என்பதை மட்டும் அப்பட்டயம் குறிப்பிடவில்லை. கம்பெனியில் இருந்த பியூரிட்டன் சமயத்தார் இவ்விடைவெளியை நன்கு பயன்படுத்திக்கொண்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் நகரில் கூடிய பங்குதாரர் சிலர், பட்டயமும் நிர்வாகமும் எங்களுடன் கடல் கடந்து வருமாயின் நாங்கள் குடும்பத்தோடு வருகிறோம் என்று உறுதி பூண்டனர். 1630இல் ஜான் விந்திராப் அப்பட்டயத்தைக் கையோடு கொண்டு கப்பலேறினார். இலண்டனில் நடக்க வேண்டிய பங்குதாரர் கூட்டம் பாஸ்டனில் நடந்தது. அதுவே அந்நாட்டின் சட்டமன்றமாயிற்று. இன்றும் மாசச்சூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரபூர்வமான பெயர் பொதுமன்றம் என்பதே!

விந்திராப் குடியாட்சியை விரும்பியவர் அல்லர். ஆட்சி முறைகளுள் அதுவே மிகத் தாழ்ந்தது என்று எழுதியவர். கற்றோரும் கடவுட்பற்றுடையோருமான சிலரே ஆள வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆயினும் பட்டயம் அவரைப் பின்தொடர்ந்தது. 1632இல் அரண் கட்டுவதற்காக உதவியாளர் குழு அறுபது பவுன் வரி விதித்தபோது வாட்டர்டவுன் ஊரார் எதிர்த்தனர். விந்திராப் அவர்களைக் கண்டித்தார், அவர்களும் பணிந்தனர். எனினும் அவ்வாண்டே, வரி பற்றிக் கலந்துபேச ஊருக்கு இருவர் வரலாம் என்று விதி ஏற்பட்டது. 1634இல் ஊர்களின் சார்பில் வந்தவர்கள் பட்டயத்தைக் கண்ணால் காண வேண்டும் என்றனர். காட்டினார். சட்டம் இயற்றும் உரிமை உதவியாளர் குழுவுக்கு அன்று, பொதுமன்றத்துக்கே என்று அதில் எழுதியிருந்தது. அதுமுதல் ஒவ்வோர் ஊரின் பேராளரும் பொதுமன்றத்தில் அமர்ந்தனர். அவ்வாண்டுத் தேர்தலில் விந்திராப் ஆளுநர் பதவியை இழந்தார். எழுதிவைத்த சட்டம் ஆள்வோரையும் கட்டும் என்னும் அமெரிக்க நம்பிக்கைக்கு, எந்தத் தத்துவ நூலைக் காட்டிலும் இந்த ஒரு நாள் நிகழ்ச்சியையே நான் மூலமாகக் கொள்வேன்.

பின்னர் அம்மன்றம் இரண்டு அவைகளாகப் பிரிந்தது ஒரு பன்றியின் பொருட்டு என்றால் நம்புவது அரிது. 1636இல் பாஸ்டன் தெருவில் திரிந்த பன்றியொன்று இராபர்ட் கெய்ன் என்னும் செல்வ வணிகரின் கைக்கு வந்தது. அவர் பலமுறை பறைசாற்றியும் எவரும் உரிமை கோரவில்லை. பின்பு அவர் ஒரு பன்றியை அறுத்தபோது, ஷெர்மன் என்பவரின் மனைவி, அறுத்தது தன் பன்றியே என்றார். திருச்சபை வணிகரின் பக்கம் நின்றது; நீதிமன்றமும் அவ்வாறே. அவதூறுக்காக இருபது பவுன் வேறு அந்த ஏழைப் பெண்மீது தீர்ப்பாயிற்று. 1642இல் வழக்குப் பொதுமன்றத்துக்கு வந்தது. ஏழு நாள் விசாரித்தனர். ஊர்ப் பேராளருள் பெரும்பாலோர் பெண்ணின் பக்கம். உதவியாளருள் பெரும்பாலோர் வணிகரின் பக்கம். மொத்தத் தலைகளை எண்ணினால் பெண்ணுக்கு வெற்றி; உதவியாளரின் இசைவும் தனியே வேண்டும் என்றால் வணிகருக்கு வெற்றி. நாடு முழுதும் இதுவே பேச்சாயிற்று. 1644இல் இரு சாராரும் தனித்தனி அவையாக அமர்வது என்று முடிவு செய்தனர். பெரும்பான்மையோர் விருப்பம் மட்டும் போதுமா, அதற்குத் தடையொன்றும் வேண்டுமா என்னும் வினா 1787இல் பிலடெல்பியா மாநாட்டை எவ்வளவு அலைக்கழித்தது என்பதை அறிந்தவர்கள் இப்பன்றி வழக்கை எள்ளி நகையாட மாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் கீழே இருந்தவை திருச்சபையும் ஊர்க்கூட்டமும். பியூரிட்டன் சபை ஆயர் எவரும் நிறுவுவதன்று. சிலர் கூடி, இறைவன் முன்னிலையில் ஒருவரோடொருவர் உடன்படிக்கை செய்துகொண்டால் அதுவே சபை. 1620இல் மேபிளவர் கப்பலில் வந்த நாற்பத்தொரு ஆடவர் கரையிறங்குமுன் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் இவ்வழக்கத்தின் வழிப்பட்டதே. ஊர்க்கூட்டத்திலோ வேலி, மேய்ச்சல் நிலம், பாதை, பள்ளி ஆசிரியர் சம்பளம் ஆகியவற்றையே பேசினார்கள். ஆனால் இச்சபையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1631 முதல் சபை உறுப்பினருக்கு மட்டுமே வாக்குரிமை. மாறுபட்டுப் பேசிய ஆன் ஹட்சின்சன் அம்மையாரை நாடு கடத்தினர். 1659க்கும் 1661க்கும் இடையில் குவேக்கர் நால்வரைத் தூக்கிலிட்டனர். தமக்கு மனச்சான்றின் உரிமை தேடி வந்தவர்கள் பிறர்க்கு அதனை மறுத்தனர். விரட்டப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் நாரகான்செட் பழங்குடியினரிடம் இடம் பெற்று 1636இல் அமைத்த பிராவிடன்ஸ் குடியிருப்பில்தான், அரசு சமயத்தில் தலையிடலாகாது என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது.

1684இல் மாசச்சூசெட்ஸ் பட்டயம் பறிக்கப்பட்டது. அரசர் அனுப்பிய ஆளுநர் ஆண்டிராஸ் அவையின்றியே வரி விதித்தார். 1687இல் இப்ஸ்விச் என்னும் சிற்றூரின் போதகர் ஜான் வைஸ், தம் ஊராரைக் கூட்டி, எங்கள் பேராளர் இசையாத வரியை நாங்கள் தண்டித் தரமாட்டோம் என்று முடிவு செய்வித்தார். சிறைப்பட்டார், தண்டம் கட்டினார். இங்கிலாந்தின் உரிமைகள் உலகின் கோடி வரை உங்களைத் தொடர்ந்து வரும் என்று எண்ணாதீர்கள் என அப்போது அவருக்குச் சொல்லப்பட்டதாம். அவரே முப்பதாண்டு கழித்து, 1717இல், ஜெர்மானிய அறிஞர் புபென்டார்பின் இயற்கைச் சட்ட நூலைத் துணைக்கொண்டு, மனிதர் இயல்பிலேயே சமமானவர், ஆட்சி அவர்களின் இசைவால் எழுவது, குடியாட்சியே இயற்கைக்கு இயைந்தது என்று நூல் எழுதினார். முதலில் சிறை, பிறகு நூல், இவ்வரிசையைக் கருதுக. அந்நூல் 1772இல், புரட்சி மூளும் வேளையில், மறுபடியும் அச்சாயிற்று.

வைஸ் சிறைப்பட்ட அந்த 1687ஆம் ஆண்டில் சென்னையில் நிகழ்ந்ததை நாம் அறிவது தகும். பாஸ்டனில் பிறந்த எலிகு யேல் அவ்வாண்டு புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானார். அவ்வாண்டு இறுதியில் சென்னைக்கு நகராட்சிப் பட்டயம் கிடைத்தது. அதன் முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன். இன்றைய கனெக்டிகட் பகுதியில் பிறந்து ஹார்வர்டில் பயின்றவர். நகரவையில் இந்தியரும் இடம் பெற்றனர். தம்மவர் அவையில் இருப்பின் நகர வரியை மக்கள் மனமொப்பிக் கொடுப்பர் என்பது இலண்டன் இயக்குநர்களின் கணக்கு. ஆனால் அவ்வவையினரை நகர மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கம்பெனியே பெயர் குறித்து அமர்த்திற்று. ஆளுநரும் மேயரும் நியூ இங்கிலாந்து மண்ணில் பிறந்தவர்கள்; ஊர்க்கூட்டத்தையும் பொதுமன்றத்தையும் அறியாத குடும்பத்தார் அல்லர். ஆயினும் அவ்வழக்கம் அவர்களோடு சென்னைக்கு வரவில்லை. தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. மாசச்சூசெட்ஸில் பங்குதாரரே குடிகள். தமக்குத் தாமே வரி விதித்துக்கொள்ள வேண்டியவர்கள். சென்னையிலோ பங்குதாரர் இலண்டனில் இருந்தனர். வரி கொடுப்போர் இங்கே இருந்தனர். ஆள் தேடி அழைக்க வேண்டிய தேவை கம்பெனிக்கு இங்கே இல்லை. நெய்வோரும் உழுவோரும் ஏற்கனவே இருந்தனர். ஆங்கிலேயரின் இயற்கைக் குணமே குடியாட்சி என்று பேசுவோர் இவ்விரு ஊர்களையும் அருகருகே வைத்து நோக்க வேண்டும்.

இனித் தத்துவத்துக்கு வருவோம். ஆள்வோருக்கும் மேலான இயற்கைச் சட்டம் உண்டு, உயிரும் உரிமையும் உடைமையும் காக்கவே அரசு, அதை அழிக்கும் அரசை மக்கள் மாற்றலாம் என்ற லாக்கின் வாதம் குடியேற்ற மக்களுக்குப் புதிதாகப்படவில்லை. தாம் செய்து வந்ததற்கு அது விளக்கவுரைபோல அமைந்தது. 1748இல் வெளிவந்த மான்டெஸ்கியூவின் நூல் அதிகாரத்தைப் பிரித்துவைக்கும் முறையைக் கற்பித்தது. சிசரோவும் ரோமக் குடியரசின் வீழ்ச்சியும் அவர்கள் நாவில் எப்போதும் இருந்தன. சாதாரண மக்களிடம் இவை சென்றது பெருநூல்களால் அன்று. செய்தித்தாள்களாலும் தேவாலயச் சொற்பொழிவுகளாலுமே. தம் சாற்றுரையில் புதுக்கருத்து எதையும் சொல்ல முயலவில்லை, நாட்டார் மனத்தில் இருந்ததையே எழுதினேன் என்று ஜெபர்சனே 1825இல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

அதே லாக், 1669இல் கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்து அதன் அடிப்படைச் சட்டங்களை உருவாக்குவதில் பங்கு கொண்டவர். பரம்பரைப் பிரபுக்களை ஏற்படுத்திய அச்சட்டம், தன் அடிமைமீது ஒவ்வொரு குடிமகனுக்கும் முழு அதிகாரம் உண்டு என்றும் விதித்தது. சுதந்திரத்தின் ஆசிரியர் என்று போற்றப்படுபவரின் கை அதில் பட்டிருப்பதைப் பல நூல்கள் சொல்லாமல் கடந்துவிடுகின்றன.

ஐரோப்பாவுக்கு வெளியேயும் ஒரு வேர் உண்டா? இராக்குவாய் எனப்பட்ட பழங்குடி மக்கள் ஐந்து இனத்தார் கூடிய கூட்டமைப்பு ஒன்றை நெடுங்காலம் நடத்தி வந்தனர். பின்னர் ஆறாவது இனமும் சேர்ந்தது. தலைவர்களைத் தேர்வதும் நீக்குவதும் குலத்தின் மூத்த பெண்களிடம் இருந்தன. எங்களைப்போல் நீங்களும் ஒன்றுபடுங்கள் என்று கனசதேகோ என்னும் அவர்கள் தலைவர் 1744இல் குடியேற்றத்தாருக்கு அறிவுரை கூறினார். அதனை அச்சிட்டு விற்றவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பத்தாண்டு கழித்து ஆல்பனியில் அவர் முன்வைத்த ஒன்றிப்புத் திட்டத்தின் பின்னணியில் இக்கூட்டமைப்பு இருந்தது. 1787இன் அரசமைப்பே இவர்களிடமிருந்து வந்தது என்று சிலர் கூறுவதை வரலாற்றறிஞர் பலர் ஏற்பதில்லை. சான்று அவ்வளவு தூரம் செல்லவில்லை என்றே எனக்கும் படுகிறது. ஆனால் இவ்வறிவுரை தந்த மக்களின் ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் 1779இல் வாஷிங்டனின் ஆணைப்படி சென்ற படை எரித்தழித்தது என்பதில் ஐயமில்லை.

1765 முதல் 1775 வரையிலான போராட்டத்தைப் பலரும் அறிவர். முத்திரை வரி, அதை எதிர்த்த மாநாடு, தேயிலை. பாஸ்டன் துறைமுகத்தில் 1773 டிசம்பர் 16 இரவு கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் நம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கே. அதற்குச் சில நாள் முன்னர் 'ரஸ்டிகஸ்' என்ற புனைபெயரில் வந்த மடல், இக்கம்பெனி வங்காளத்தில் நிகழ்த்திய கொள்ளையையும் 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மாண்ட இலட்சக்கணக்கானோரையும் சுட்டி, அடுத்து நம்மிடம் வருகிறார்கள் என்று எச்சரித்தது. ஜான் டிக்கின்சன் எழுதியது என்பர். வங்கப் பஞ்சம் அங்கே ஒரு வாதமாயிற்று; ஆனால் வங்க மக்களுக்கும் அதே உரிமை உண்டென்று அம்மடல் வாதிக்கவில்லை. தேயிலைக்குத் தண்டனையாக 1774இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களுள் ஒன்று, ஆளுநரின் அனுமதியின்றி ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் கூடலாகாது என்றது. நோய் எங்கே இருக்கிறது என்று பாராளுமன்றம் சரியாகவே கண்டுபிடித்துவிட்டது. மருந்துதான் பலிக்கவில்லை.

1776 ஜூனில் வர்ஜீனியாவின் உரிமைச் சாற்றுரை விவாதத்துக்கு வந்தபோது, எல்லா மனிதரும் இயல்பில் சம உரிமை உடையவர் என்ற தொடரைக் கண்டு தோட்ட உரிமையாளர் சிலர் திடுக்கிட்டனர். அப்படியானால் அடிமைகளின் நிலை? வழி ஒன்று கண்டனர். 'சமுதாயத்தில் சேரும்போது' என்று ஒரு சிறு தொடரை இடையில் செருகினர். அடிமைகள் சமுதாயத்தில் சேர்ந்தவர் அல்லர் என்பது அதன் பொருள். அடுத்த மாதம் ஜெபர்சனின் சாற்றுரையிலிருந்து அடிமை வணிகத்தைக் கண்டித்த பகுதி முழுதும் நீக்கப்பட்டது. எழுதிய ஜெபர்சனும் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவரே. 1787இன் அரசமைப்பில் அடிமை என்ற சொல் இல்லை. ஆனால் அடிமைகள் ஐவரை மூவராக எண்ணும் கணக்கு இருந்தது.

மாசச்சூசெட்ஸில் 1778இல் எழுதிய அரசமைப்பை ஊர்க்கூட்டங்கள் ஏற்க மறுத்தன. 1780இல் மறுபடி எழுதியதை ஊர்தோறும் படித்து, விவாதித்து ஏற்றுக்கொண்டனர். மனிதர் யாவரும் சுதந்திரராகவும் சமமாகவும் பிறந்தவர் என்பது அதன் முதல் விதி. ஷெபீல்டு என்னும் ஊரில் கர்னல் ஜான் ஆஷ்லியின் வீட்டில் பெட் என்றொரு அடிமைப் பெண் இருந்தார். எழுத்தறியாதவர். மனிதர் சமம் என்று அவ்வூரார் 1773இல் நிறைவேற்றிய தீர்மானம் அந்த வீட்டில்தான் எழுதப்பட்டது. தங்கையை அடிக்க எஜமானி ஓங்கிய காய்ச்சிய இரும்பைத் தம் கையில் தாங்கிக்கொண்டார் என்றும், அத்தழும்பை இறுதிவரை மறைக்கவில்லை என்றும் கூறுவர். அவர் தியோடர் செட்ஜ்விக் என்னும் வழக்கறிஞரிடம் சென்றார். 1773இல் அத்தீர்மானத்தை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். சட்டம் சொல்வது உண்மையானால் அது எனக்கும் உரியதன்றோ என்பதே அவர் கொண்டு சென்ற வினா. 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவரை விடுதலை செய்து, முப்பது ஷில்லிங் இழப்பீடும் விதித்தனர்.

இரண்டு மாதம் கழித்து யார்க்டவுனில் காரன்வாலிஸ் பிரபுவின் படை சரணடைந்தது. அவர் ஐந்தாண்டில் கல்கத்தாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, 1793இல் வங்காளத்தின் நிலவரியை ஜமீன்தார்களோடு நிரந்தரமாக நிர்ணயித்தார். உழவரிடம் யாரும் கேட்கவில்லை.

கூலிக்கு மீண்டும் வந்து வேலை செய்யுமாறு ஆஷ்லி அழைத்தபோது பெட் மறுத்துவிட்டார். எலிசபெத் பிரீமேன், அதாவது சுதந்திரர் எலிசபெத், என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டு, சம்பளத்துக்குச் செட்ஜ்விக் குடும்பத்தில் பணியாற்றினார். 1829இல் இறந்தார். ஸ்டாக்பிரிட்ஜ் ஊரில் அக்குடும்பத்தாரின் கல்லறைகளிடையே அவர் கல்லறையும் இருக்கிறது.